குழிக்கு வெளியே ஒரு நிமிடம்

ஒரு பொம்மையைக் காப்பாற்ற ஓடிப்போய்க் கெட்ட பேர் வாங்கியவள் என்று உலகத்தில் யாராவது இருந்தால், அது அக்காதான்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் அக்கா. வயது நாற்பத்து நான்கு. வேலை, சிலிண்டர் மாற்றுவது. கேட்பதற்கு ஏதோ அடுப்புக்கு சிலிண்டர் போடுகிற மாதிரி இருக்கும். அந்த நினைப்பில் யாரும் உள்ளே வந்துவிட வேண்டாம். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே இருக்குமே சில்லு, அதைப் புதுப்புது விதமாகச் செய்து பார்க்கிற இடம் அது. சில்லு என்னவோ நகத்தளவுதான். அதைச் செய்யத் தேவைப்படுகிற வாயுக்கள்தான் எமகாதகப் பேர்வழிகள். ஒன்று காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும். இன்னொன்று தீயும் வேண்டாம் புகையும் வேண்டாம், மூச்சோடு மூச்சாகப் போய் ஆளை முடித்துவிடும்.

அதனால் அங்கே யாரும் தனியாக சிலிண்டர் மாற்றக் கூடாது. ஒருவர் காற்றுப் புட்டியை முதுகில் மாட்டி, மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார். இன்னொருவர் வெளியே காவல் நிற்பார். காவல் நிற்பவருக்கு வேலை ரொம்பக் கொஞ்சம். உள்ளே இருப்பவர் விழுந்தால் வால்வை மூட வேண்டும், அபாயப் பொத்தானை அமுக்க வேண்டும், மாஸ்க் போடாமல் உள்ளே காலை வைக்கக் கூடாது. அவ்வளவுதான். கேட்டால் பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் விழுந்து கிடக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்க மனசு வர வேண்டுமே. உலகம் முழுக்க இந்த மாதிரி இடங்களில் முதல் ஆளை வாயு கொல்கிறது, இரண்டாவது ஆளை அவருடைய நல்ல மனசு கொல்கிறது.

போன வருஷ ஒத்திகையில் அக்காவுக்கு நடந்ததும் அதுதான். நீல உடுப்பு மாட்டிய ஒரு வைக்கோல் பொம்மையை உள்ளே நிறுத்தி, கயிற்றை இழுத்துத் தள்ளிவிட்டார்கள். அது பொத்தென்று விழுந்ததுதான் தாமதம், அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடி, அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாதுகாப்பு அதிகாரி கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கினார். எந்நேரமும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அவர் பெயரே கடிகாரம். கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'சாவு: இரண்டு' என்று எழுதிவிட்டு, அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டாவது நீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து வைத்தாள். ஆனால் அவர் அடுத்துக் கேட்டது நெஞ்சில் தைத்துவிட்டது.

"வைக்கோலுக்கே இந்த ஓட்டம் ஓடுறீங்க. உங்க தம்பி விழுந்தா?"

ஏனென்றால் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். பம்ப் மெக்கானிக். அவளைவிட எட்டு வயது சின்னவன். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தது, பெண் பார்த்தது, இந்த வேலையில் சேர்த்துவிட்டது எல்லாம் அவள்தான். சேர்த்துவிட்ட அன்று, 'நம்ம கண் முன்னாலேயே இருப்பான்' என்று நிம்மதிப்பட்டாள். கடிகாரம் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. கண் முன்னால் இருப்பவன் கண் முன்னாலேயே விழவும் செய்வான் அல்லவா? விழுந்தால் தான் ஓடுவோம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஓடினால் ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டு பேர். இதை நினைத்து ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பிடிவாதம் வந்தது. அக்காவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் அதோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாது.

தினம் மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டோர் ரூமுக்குப் போய் மாஸ்க் போட்டுப் பழகினாள். புட்டியை முதுகில் ஏற்று. வால்வைத் திற. மாஸ்கை முகத்தில் வை. கீழ் வார் இரண்டு, மேல் வார் இரண்டு. உள்ளங்கையால் குழாய் வாயைப் பொத்தி மூச்சை இழு, மாஸ்க் முகத்தோடு ஒட்டுகிறதா பார். ஒட்டவில்லையா, மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் ஆனது. கேண்டீனில், "அக்கா நிலாவுக்குக் கிளம்பிட்டாங்க, வர லேட்டாகும்" என்று கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் ஐம்பது விநாடிக்கு வந்தாள். அதற்குக் கீழே குறைய மறுத்தது. தலைமுடி வாரில் சிக்குகிறது என்று முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். அப்போதும் ஐம்பதுதான்.

மாஸ்க் போடுவதைவிடச் சிரமம், ஓடாமல் நிற்பது. அதற்குப் பழக அவள் தம்பியையே கூப்பிட்டாள். பொம்மை மாதிரி கீழே விழச் சொன்னாள். அவனா, இதுதான் சாக்கு என்று மல்லாக்கப் படுத்துக்கொண்டு நாடகம் போட்டான்.

"அக்கா... என்னால முடியலக்கா... என் பைக்கை வித்துடாதே... என் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவ வைக்கிற குழம்பு நல்லாவே இருக்காதுன்னு..."

"வாயை மூடிக்கிட்டுச் சாவுடா. விநாடி எண்ணணும்."

"ஒரு வாய் தண்ணியாவது குடு, கல் மனசுக்காரி!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வார்களை இழுப்பாள். இப்படிப் பழகிப் பழகி, மறுபடி தேர்வு எழுதி, ஒத்திகையில் பறிபோன காவல் நிற்கிற தகுதியைத் திரும்ப வாங்கினாள். கடிகாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்போதும் உள்ளுக்குள் ஒரு குரல் அவளை நச்சரித்துக்கொண்டேதான் இருந்தது: 'சிரிக்கிற தம்பிக்கு முன்னால நிக்கிறது ஒரு பெரிய விஷயமா?'

அது நடந்த நாள் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு விஷ வாயு சிலிண்டர் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. அக்கா உள்ளே, தம்பி காவல். இரண்டு பேரும் முழு ஜோடனையில் இருந்தார்கள். வேலை தொடங்கும் முன் தம்பி வழக்கப்படி பம்ப் குழிக்கு மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டான். அந்தக் குழி நடைபாதையின் கோடியில் இருந்தது. நாலு படி இறங்கினால் வெற்றிட பம்ப்கள் நிற்கும். மேலே பாதிக்கு இரும்புத் தகடு மூடியிருக்கும். பம்பிலிருந்து நைட்ரஜன் குழாயைக் கழற்றிக் கீழே போட்டான். அதன் வால்வை முழுக்க மூடவில்லை, ஒரு துளி திறந்து வைத்தான். குழாய்க்குள் ஈரம் ஏறிவிடக் கூடாது என்று எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான் இது. ஸ்ஸ்ஸென்று மெல்லிசாகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அக்காவின் காதிலும் விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நைட்ரஜன்தானே? நாம் இழுக்கிற மூச்சில் முக்கால்வாசிக்கு மேல் அதுதானே? மண்டையோடு படம் போட்ட சிலிண்டர்களைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு நைட்ரஜன் என்றால் வீட்டுப் பூனை.

அவர்கள் மறந்தது ஒன்றே ஒன்று. குழிக்குள் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கிற காற்றாடி ஒன்று உண்டு. அதற்கும் பம்புக்கும் ஒரே சுவிட்ச். பம்பை நிறுத்தியபோது காற்றாடியும் நின்றுபோனது.

விஷ சிலிண்டரை மாற்ற ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. ஒரு குறை சொல்ல முடியாத வேலை. கசிவு இருக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டியது. அக்கா வெளியே வந்து மாஸ்கையும் புட்டியையும் கழற்றினாள். தம்பியும் கழற்றி, புட்டியையும், காற்றை அளக்கிற இடுப்பு மீட்டரையும் மேஜைமேல் வைத்தான். இரண்டு பேருக்கும் உடம்பிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தை யாரும் எந்தப் பட்டியலிலும் எழுதி வைப்பதில்லை.

"பம்பை மாட்டிட்டு வந்துடறேன்க்கா. நீ எழுதிட்டு இரு."

"சீக்கிரம் வா, பசிக்குது."

அவள் பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். சிலிண்டர் எண்ணை எழுதினாள். ஸ்பேனர் ஒன்று சிமென்டுத் தரையில் டங்கென்று விழுகிற சத்தம் கேட்டது. கை தவறியிருக்கும், இப்போது திட்டிக்கொண்டே எடுப்பான் என்று காத்திருந்தாள். திட்டு வரவில்லை. மெக்கானிக் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்து, அவன் வாயிலிருந்து ஒன்றுமே விழாமல் இருந்தால் அது சரியில்லை.

"டேய்?"

எழுந்து போனாள். குழியின் அடியில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான். தூங்குகிற மாதிரி ஒரு கை தலைக்குக் கீழே இருந்தது. முனகல் இல்லை, துடிப்பு இல்லை. ஸ்ஸ்ஸென்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அக்காவின் வலது கால் முதல் படியில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பிலிருந்த மீட்டர் வீறிட்டுக் கத்தியது. நைட்ரஜன் குழியை நிரப்பி ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிட்டது, கீழே காற்றில் உயிர் இல்லை என்று அர்த்தம். நாலே படி. மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தால் மூன்று எட்டில் அவன் கையைப் பிடித்துவிடலாம். ஒரே ஒரு மூச்சு. அவள் உடம்பு முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்தது. ஐயோ, அவன் ஒரு தடவை 'அக்கா' என்று கூப்பிட்டிருந்தால் கூடத் தேவலையே! பாவி மகன், நடிக்கும்போது அத்தனை பேச்சுப் பேசினவன், நிஜத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் விழுந்து கிடக்கிறானே!

எண்பது கிலோ ஆளை ஒரு மூச்சில் நாலு படி தூக்க முடியாது. பாதியில் மூச்சு விட்டாக வேண்டும். விட்டால் அடுத்து இழுப்பது கடைசி. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காலைப் பின்னுக்கு எடுப்பது, கிணற்றுக் கல்லை ஒற்றை ஆளாகப் புரட்டுகிற மாதிரி இருந்தது. எடுத்தாள்.

திரும்பி ஓடிச் சுவரிலிருந்த நைட்ரஜன் வால்வை மூடினாள். ஸ்ஸ் நின்றது. அபாயப் பொத்தானில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சங்கு ஊதத் தொடங்கியது. "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே புட்டியைத் தூக்கி முதுகில் போட்டாள். மூன்றில் ஒரு பங்கு காற்று மிச்சம் இருந்தது, போதும்.

அந்த நேரத்தில், தூசி படாமல் சில்லு செய்கிற கிளீன் ரூமின் கதவு திறந்து பேராசிரியர் ஓடி வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரிந்தது. வாயு விபத்துகளைப் பற்றி வருஷா வருஷம் மாணவர்களுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கிறவர் அவர். குழியை எட்டிப் பார்த்தார். "ஐயோ!" என்று ஒரு சத்தம். வகுப்பாவது ஒன்றாவது, மனுஷன் அப்படியே படியில் இறங்கப் போனார்.

அக்கா பாய்ந்து அவர் முதுகுப் பக்கத்து உடுப்பைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அந்த நிறுவனத்தின் மூத்த பேராசிரியர், உலகம் சுற்றியவர், தரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"விடும்மா! செத்துருவான்!"

"நீங்களும் சாவீங்க சார்! அசையக் கூடாது!"

"உன் தம்பி அவன்!"

"தெரியும் சார்! பத்தொன்பது, இருபது..."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுந்திருக்கவில்லை. பெரியவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அக்காவுக்கும் அழுகை வந்தது, ஆனால் அழுதால் முகம் ஈரமாகி மாஸ்க் ஒட்டாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கீழ் வார் இரண்டு. மேல் வார் இடது. மேல் வார் வலது... கை நழுவியது. திட்டிக்கொண்டே மறுபடி பிடித்தாள். மாட்டியாயிற்று. இனி இறங்கலாம் என்று கால் துடித்தது. உள்ளங்கை சோதனை பாக்கி. ஐந்து விநாடி. யார் பார்க்கப் போகிறார்கள்? தம்பி கிடக்கிற கிடப்பில் ஐந்து விநாடி என்பது ஒரு யுகம். குழாய் வாயைப் பொத்தினாள். மூச்சை இழுத்தாள். இடது தாடைப் பக்கம் சில்லென்று காற்று நுழைந்தது. ஒட்டவில்லை.

ஒட்டாத மாஸ்கோடு இறங்கியிருந்தால் நாலாவது படியில் அவளும் விழுந்திருப்பாள்.

மேல் வாரைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கி மறுபடி பொத்தினாள். ஒட்டியது. எண்ணிக்கை அறுபத்து மூன்றில் நின்றது. சுவரில் தொங்கிய மீட்புக் கயிற்றை எடுத்து, அதன் ஒரு முனையைப் பேராசிரியர் கையில் திணித்தாள். மாஸ்குக்குள்ளிருந்து கத்தினாள்.

"நீங்கதான் காவல் சார். கை தட்டினா இழுங்க. நானும் விழுந்தா வராதீங்க. என்ன ஆனாலும் வராதீங்க. சொல்லுங்க!"

"வர மாட்டேன்."

"சத்தமா!"

"வர மாட்டேன்மா!"

இறங்கினாள். அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள், கைகளைத் தட்டினாள். மேலேயிருந்து பேராசிரியர் இழுத்தார். வாழ்நாளில் பேனாவுக்கு மேல் கனமாக எதையும் தூக்காத கை என்று அவரைப் பற்றி யாராவது சொன்னால் இனி அக்கா சண்டைக்குப் போவாள். அவர் இழுக்க, அவள் கீழேயிருந்து தோளால் முட்டித் தள்ள, படி படியாக மேலே வந்தான். நடைபாதையின் அந்தக் கோடி வரை இழுத்துக்கொண்டு போய்க் கிடத்தினார்கள். அங்கேதான் அவள் மாஸ்கைப் பிய்த்து எறிந்தாள்.

அவன் மூச்சு விடவில்லை. மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதினாள். மார்பு எழும்பியது, அடங்கியது. இரண்டு. மூன்று. நான்கு. "வாடா," என்றாள். ஐந்து. "வாடா நாயே, வாடா கண்ணு." ஆறாவது மூச்சுக்கு அவன் தொண்டைக்குள் ஏதோ கரகரவென்றது. ஏழாவது அவள் ஊதவில்லை, அவனே இழுத்தான். விகாரமாக, குறட்டை மாதிரி ஒரு மூச்சு. அவள் கேட்டதிலேயே அழகான சத்தம் அதுதான். ஆக்ஸிஜன் பெட்டியோடு கடிகாரம் ஓடி வந்தபோது, அக்கா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் பேராசிரியர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"இப்ப அழலாமில்ல?" என்று அவள் கேட்டாள்.

"அழுங்க," என்றார் கடிகாரம். கழுத்தில் தொங்கியதை அவர் தொடவே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றான். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் அரை நிமிடம், ஒரு நிமிடம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவன் மனைவி கட்டில் ஓரத்தில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நடந்ததை யாரோ அவளிடம் அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "இவர் கிடக்கறதைப் பார்த்துட்டே ஒரு நிமிஷம் நின்னீங்களாமே."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை அவளால்.

"ஒரு நிமிஷம் மூணு விநாடி," என்றாள் அக்கா. "நின்னேன். அவன் குழாயைத் திறந்து போட்டது எனக்குக் கேட்டுது, அப்பவே மூடுடான்னு சொல்லாம விட்டேன். அது என் தப்பு. ஆனா நின்னது தப்பில்ல. அந்த ஒரு நிமிஷம் நான் நிக்கலேன்னா, இப்ப நீ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து அழுதுட்டு இருப்பே."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சும்மாவே சிரிப்பும் அழுகையும் அவனுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ மட்டும் அங்கே விழுந்திருந்தா நான் மாஸ்க்கும் பார்த்திருக்க மாட்டேன், மண்ணும் பார்த்திருக்க மாட்டேன். அப்படியே குதிச்சிருப்பேன். சத்தியமா."

மனைவி நிமிர்ந்து அவனைப் பெருமையாகப் பார்த்தாள். அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒருவன் தனக்காகச் சாகத் தயார் என்று சொல்லிக் கேட்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? அவன் பொய் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். குதித்தே இருப்பான். அதுதான் அவளைக் குலை நடுங்க வைத்தது.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய், போனில் கடிகாரத்தைக் கூப்பிட்டாள்.

"சார், குழிக் காற்றாடிக்குத் தனி சுவிட்ச் வேணும். அது இல்லாம நாளைக்கு யாரும் பம்பைத் தொட வேணாம். இன்னொண்ணு. என் தம்பியைக் காவல் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. ஆமா, நான்தான் சொல்றேன். எனக்கும் அவன் காவல் வேணாம், யாருக்கும் வேணாம். அவன் நிக்கக் கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

தம்பி முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் சுருங்கிப்போனது.

"என்னக்கா இது? உனக்காக உயிரைக் குடுப்பேன்னு சொல்றேன், அதுக்குத் தண்டனையா?"

அக்கா வந்து கட்டிலில் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நான் செத்தா, அழுறதுக்கு நீ இருக்கணும்டா. பக்கத்துல கிடக்கறதுக்கு இல்ல."

அவன் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "எத்தனை நாள் ஆகும் கத்துக்க?" என்று கேட்டான்.

"எனக்கு மூணு மாசம் ஆச்சு," என்றாள் அக்கா. "உனக்கு அதுக்கு மேலேயும் ஆகும்."